சொல்லாத பல்லி

முதலில் பெயரில்தான் சிக்கல்.
கொழும்பு இரவு பஸ்ஸில்
ஐஸ் போத்தலோடு வந்து இறங்கிய சோடியை
'நியூட்' என்றேன்.
பக்கத்து வளவு சறோஜினிதேவி எட்டிப் பார்த்து
'தண்ணிப் பல்லி' என்றாள்.
மறுநாள் நொச்சிமுனை முழுக்க அதுதான் பெயர்.

கறுப்பு முதுகு. புரண்டால்
வயிறு கோவைப் பழம்.
இருபத்திரண்டு பாகைக்கு மேலே போனால்
சாப்பிடாது. பிறகு இருக்காது.
மட்டக்களப்பில் இருபத்திரண்டு பாகை
மார்கழி அடைமழையில் வரும்,
அதுவும் விடியப்புறம்,
அதுவும் சில வருசம்.

மீன் வைத்த தட்டில் இப்போது ஏழு போத்தல்.
காலையில் மூன்று, மத்தியானம் இரண்டு,
கரண்ட் போனால் எல்லாம்.
சித்திரையில் ஓர் இரவு எல்லாமும் போதாமல்
கல்லடி ஐஸ் கம்பனி வாச்சரைத் தட்டி எழுப்பினேன்.
'என்ன கா, ஆருக்கும் சீவன் போயிட்டா?'
'போகாம இருக்கத்தான்.'
அரைக் கட்டி தந்தார். காசு வாங்கவில்லை.
வேறு எதுவும் கேட்கவுமில்லை.

அடுத்த மார்கழி, மழை ஓய்ந்த கிழமை,
வாலை மடக்கி அவள் முகத்துக்கு நேரே
விசிறினான்.
தொடவில்லை. மூன்று நாளும் விசிறல் மட்டும்.
மறுகா அவள் வேலம்பாசிக்குள் ஏறி
பின்கால்களால் ஓர் இலையை மடித்து
நடுவில் ஒன்று வைத்து
ஒட்டும்வரை பிடித்திருந்தாள்.
பிறகு அடுத்த இலை.

ஆஸ்பத்திரி மருந்துச் சாளரத்தில்
நானும் பகல் முழுக்க இதைத்தான் செய்கிறேன்.
கடதாசியை மடி, பத்துக் குளிசை, அடுத்த ஆள்.
அவளை யாரும் 'தங்கச்சி, சுறுக்கா' என்று
கண்ணாடியில் தட்டுவதில்லை.

அறுபத்தொரு மடிப்பு.
தாயும் தகப்பனும் தின்னுமுன் இலையோடு பிடுங்கி
கழுவிய தயிர்ச்சட்டிகளில் போட்டேன்.
சட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு.
குஞ்சுக்கு உயிர்த்தீன் வேண்டும்.
கிணற்றடியில் ஒரு வாளி வைத்து
நுளம்பு வளர்த்தேன்.
ஓம், நான்தான்.

டெங்கு கிழமையில் பி.எச்.ஐ. றுஸ்வின் வந்தார்.
வாளிக்குள் டோர்ச் அடித்துக் கனநேரம் நின்றார்.
'மிஸ் ஆஸ்பத்திரியிலயா வேலை?'
'ஓம்.'
'அங்க வார்ட்டில நிலத்திலயும் ஆள்.'
'தெரியும். மருந்து மடிக்கிறதே நான்தான்.'

வேறென்ன சொல்ல.
ஊசியில்லாச் சிறிஞ்சில் ஒரு குடம்பியை உறிஞ்சி
சட்டிக்குள் விட்டேன்.
குஞ்சு அசையவில்லை,
கழுத்தோரச் செவுள் மட்டும் இறகாய் ஆடியது.
பிறகு குடம்பி இல்லை.
'இன்னொண்டு போடுங்க' என்றார்.
நாலு போட்டேன். குனிந்தபடியே பார்த்தார்.
நிமிர்ந்து, துண்டு எழுதினார்.

ஐயாயிரம் தண்டம்.
கந்தோரில் லிகிதர் 'பல்லி' என்று எழுதிவிட்டு
'சாத்திரம் சொல்லுமா?' என்று சிரித்தார்.
'இது சொல்லாது' என்றேன்.
வீட்டுக்கு வந்து வாளியைக் கவிழ்த்தேன்.
சவர அலகால் மண்புழு நறுக்கப் பழகினேன்.
முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பூஞ்சணம் பிடித்தது இருபது.
ஒன்றையொன்று கால் கடித்துப் போனவை
கணக்கில் இல்லை.
கரண்ட் வராத ஒரு வெள்ளிக்கிழமை
மிச்சத்தில் பாதி.
செவுள் சுருங்கி, தோல் சொரசொரத்து
நாலு தரைக்கு ஏறின.

மூன்று, ஈரப்பாசி விரித்த ஐஸ்கிறீம் டப்பாவில்.
நாலாவது மூடி இடுக்கால் போய்விட்டது.

சுவரில் ஊர்ப்பல்லி சொல்கிறது.
வேலிக்கு அங்கால் சறோஜினிதேவி
திசை பார்த்துப் பலன் எண்ணுகிறாள்.
நான் படுக்குமுன் துவாயை நனைத்து
அலுமாரிக்குக் கீழே விரிக்கிறேன்.
காலையில் ஓரம் தூக்கிப் பார்க்கிறேன்.
இன்றைக்குப் பதினாறாம் நாள்.
துவாய் காய்ந்திருக்கிறது.
நனைக்கிறேன்.